வலியைக் கேட்டறிந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அக்கா சொந்தம்; மீதிப் பேருக்கு அவர் மேடம். அவர் நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. சொந்தக்காரர்கள் சிலர் இன்றும் என்னிடம், "அக்கா நர்ஸுதானே தம்பி, அப்புறம் எதுக்கு அத்தனை புரொபசருங்க மாலையோட வந்தாங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மண்ணச்சநல்லூரில். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா அங்கேயே நெல் காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆட்கள் அக்காவும் நானும்தான். என்னைப் படிக்க வைத்ததும் அக்காவே. செவிலியர் படிப்பை முடித்துத் தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். திருமணத்துக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டே மேற்படிப்பு முடித்து, செவிலியர் கல்லூரியில் ஆசிரியரானார். பிறகுதான் முனைவர் பட்ட ஆய்வு.

அறுவை சிகிச்சை முடிந்த பெண்களின் வலியைப் பற்றியது அந்த ஆய்வு. வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, அவர்கள் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்காவும் வார்டு வார்டாகப் போய்க் குறித்தார். ஆய்வு முடியப்போகும் சமயத்தில், கர்ப்பப்பை எடுத்திருந்த மணப்பாறைப் பெண் ஒருவரிடம் பேசியதை எங்களுக்கு நடித்தே காட்டுவார்.

"பத்துக்கு எவ்வளவும்மா வலி?"

"நீங்களே பாத்துப் போடுங்க டீச்சர்."

"வலி உங்களுக்குத்தானே?"

"அதுக்காக நானே பத்துன்னு போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? ஒரு ஆறு போடுங்க."

பக்கத்திலிருந்த மாமியார் விடவில்லை. "ஆறு ஜாஸ்திங்க. நாலு போதும்."

அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டார். மாமியார் டீ வாங்கப் போனதும் புரண்டு படுக்க முயன்று, முடியாமல், சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். நடித்துக்காட்டும் அக்கா இந்த இடத்தில் சிரிப்பதை நிறுத்திவிடுவார். நம் பெண்கள் அந்த எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி நினைத்து, போடும் பொறுப்பை நர்ஸிடமே விட்டுவிடுகிறார்கள்; வீட்டார் முன்னால் குறைத்தும் சொல்கிறார்கள். நாலு என்று குறித்தால் நாலுக்கான மருந்துதான் கிடைக்கும். அதுவரை சேர்த்த எதையும் நம்ப முடியாது என்று அன்றே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

வழிகாட்டிப் பேராசிரியர் அக்காவின் நன்மைக்காகவே சொன்னார்: "அட்டவணையெல்லாம் அழகா வந்திருக்கும்மா. இப்படியே குடுத்துடு. மறுபடி முதல்லேருந்துன்னா கெடு தாண்டிடும். பட்டமும் போயிடும், வேலைக்கும் சிக்கல்."

"அழகாத்தான் சார் இருக்கு. அவங்க வலி அதுல இல்லையே."

அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி நீட்டிப்பு வாங்கினார். கல்லூரி விட்டதும் நேரே வார்டுக்குப் போவார். துணைக்கு இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, எண் கேட்காமல், "இருமினா எங்க பிடிக்குது? புரண்டு படுக்க முடியுதா? தூங்குனீங்களா?" என்று கேட்டார். வீட்டுச் சமையல் மாமா தலையில் விழுந்தது. "உங்கக்கா டாக்டர் ஆகுறதுக்குள்ள நான் சமையல் மாஸ்டர் ஆயிடுவேன்டா மாப்ள" என்பார் அவர்.

கெடுவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். தம் முதல் முயற்சி எங்கே தவறியது என்பதையும் மறைக்காமல் ஒரு முழு அத்தியாயமாக எழுதியிருந்தார். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியை அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டினாராம். இன்று பல கல்லூரிகளில் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆய்வு மாணவிகள் ஸ்ரீரங்கத்துக்கு அக்காவைத் தேடி வருவார்கள். காபி கொடுத்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி, "உன் அட்டவணைல எது மேல உனக்கே நம்பிக்கை இல்ல? அத மொதல்ல சொல்லு."

புற்றுநோய் வந்து அக்காவே படுக்கையில் விழுந்தபோது, நாங்கள் பயந்துவிடக் கூடாதென்று, யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்றே சொன்னார். அவரிடம் படித்த செவிலியர் ஒருவர் விடவில்லை.

"இந்தக் கதையெல்லாம் எங்ககிட்ட வேணாம் மேடம். நீங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியே நின்றோம். சற்று நேரத்தில், அக்கா முதன்முறையாக வாய்விட்டு அழுவது கேட்டது. அன்றே மருந்தை மாற்றினார்கள். அதன்பின் அவர் தூங்கினார். கடைசி நாள்வரை நிம்மதியாகத் தூங்கினார்.

மருத்துவமனையிலும் மயானத்திலும் உடன் நின்ற உறவினர்களுக்கும், கல்லூரித் தோழிகளுக்கும், மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தச் செவிலியரின் இரண்டு கைகளையும் அம்மா பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.