கதவு திறக்கல

கதை விடுறான்னு யாராவது சொன்னீங்க, இந்த குரூப்ல இருந்தே போயிடுவேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. முந்தாநாள், ஞாயித்துக்கிழமை. ராத்திரி கூட இல்ல, பட்டப்பகல். கை வீங்கியிருக்கு, டைப் பண்ண முடியல. அதனால பேசுறேன், போன் எழுதுது, துண்டு துண்டா அனுப்பிக்கிட்டு இருக்கேன். தப்பும் தவறுமா விழும். திருத்த மாட்டேன். நேத்துல இருந்து ஆளாளுக்கு மெசேஜ் போட்டு என்னைக் கிழிச்சாச்சு. திமிரு புடிச்சவ. வந்த இடத்துல அடங்கி இருக்கத் தெரியாதவ. வேல வாங்கிக் குடுத்த மாமா முகத்துல கரிய பூசிட்டா. எல்லாம் படிச்சேன். இப்ப நீங்க படிங்க.

அண்ணா, முக்கியமா நீ. நான் விட்டுட்டு ஓடி வந்த அதே வேலைக்கு நீ வர்றியாமே. மாமா என் முதலாளி பெரியவர்கிட்ட பேசி முடிச்சிட்டாராமே. நாளைக்கு காலையில ஏஜென்ட் கையில பாஸ்போர்ட்ட குடுக்கப் போறியாமே. அம்மா சந்தோஷத்துல அழுதாங்களாம். நான் வீட்ட விட்டு போனதுக்கு அழல, நீ வர்றதுக்கு அழுதாங்களாம். நல்லா இருக்கு.

என் வேல என்னன்னு உங்க யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் கடைன்னு அம்மா பக்கத்து வீட்ல சொல்லி வச்சிருக்காங்க. சொல்றேன். தான் யாருன்னு வெளிய தெரியாம பேச வேண்டியவங்க உலகத்துல நிறைய பேர் இருக்காங்க. அவங்க பேச்சு நேரா போகாது. மூணு சர்வர் கை மாறிப் போகும். முதல் சர்வருக்கு ஆளத் தெரியும், போற இடம் தெரியாது. கடைசி சர்வருக்கு போற இடம் தெரியும், ஆளத் தெரியாது. நடுவுல இருக்கற சர்வருக்கு ரெண்டுமே தெரியாது. வாங்கும், குடுக்கும், மறந்துடும். நான் பாத்துக்கிட்டது அந்த நடு சர்வர்.

ரெண்டு வாரமா அதுக்குள்ள யாரும் வர முடியல. வர்றவங்களுக்கு எல்லாம் வாசல்லயே கனெக்ஷன் அறுந்து போகுது. பெரியவர் எல்லார் முன்னாடியும் கேட்டாரு, "நீ வர்றதுக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு? கைராசிக்காரியா நீ?" சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. சனிக்கிழமை போன் பண்ணி சொன்னாரு, "நாளைக்கு வா. சரி பண்ணாம வெளிய வராத."

சரி பண்ணாம வெளிய வராத. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

சர்வர் ரூம் தரைக்குக் கீழ இருக்கு. ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, இரும்பு. சர்வர் அடுக்கி வச்ச ஒரு ரேக், ஒரு ஏசி, ஒரு மேசை, ஒரு கால் ஆடுற நாற்காலி. மூலையில ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு சிலிண்டர். தீ புடிச்சா மெஷின் மேல தண்ணி ஊத்த முடியாதுல்ல, அதுக்கு வாயு, காத்த விரட்டி தீய அணைக்கும். போனுக்கு சிக்னல் எடுக்காது. லேப்டாப்ல மட்டும் இன்டர்நெட் வரும்.

மத்தியானம் ஒரு மணிக்கு போனேன். படியில இறங்கும்போதே சத்தம் கேட்டுச்சு. டொக்… டொக்… யாரோ உள்ள இருந்து கதவத் தட்டுற மாதிரி. ஏசி தான் ஆடுதுன்னு நினைச்சேன். கதவத் திறந்தேன். யாரும் இல்ல. ஏசி ஓடவே இல்ல.

கோவத்துல வேலைய ஆரம்பிச்சேன். கேபிள் சரி. டிஸ்க்ல இடம் இருக்கு. ஃபயர்வால், அதான் வாசல் காவல், அதுவும் சரி. சர்வருக்குள்ள வர்ற வழிக்கு போர்ட்டுன்னு பேரு. நாங்க கதவுன்னு சொல்லுவோம். அதுவும் திறந்துதான் இருக்கு. அப்புறம்தான் மணிய பாத்தேன். சர்வரோட கடிகாரம் தப்பு. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு பத்துன்னு காட்டுது. அடச்சீ, இதுக்கா ரெண்டு வாரம் பேச்சு வாங்கினேன்! நேரம் தப்பா இருந்தா மத்த சர்வர் எதுவும் இத நம்பாது. முகத்துல அடிச்ச மாதிரி அறுத்து விட்டுரும். அவ்வளவுதான் கோளாறு.

நேரத்த மாத்தினேன். ஒவ்வொருத்தரா உள்ள வர ஆரம்பிச்சாங்க. அப்பாடான்னு சாஞ்சேன். கொஞ்ச நேரம்தான். எல்லாரும் மறுபடி அறுந்துட்டாங்க. மணிய பாத்தா… வெள்ளிக்கிழமை, நாலு பத்து.

கடிகாரத்தோட பேட்டரி செத்திருந்தா நேரம் எங்கயோ பல வருஷம் பின்னாடி போய் விழும். இது அப்படி இல்ல. எத்தன தடவ மாத்தினாலும் அதே வெள்ளிக்கிழமைக்கு போய் நிக்குது. மெஷினையே பிடுங்கி எறியலாம்னு வந்துச்சு.

எங்கள மாதிரி சர்வர் வச்சிருக்கறவங்க பேசறதுக்கு நெட்ல ஒரு அரட்டை இருக்கு. தமிழ்க்காரங்களுக்குன்னு தனியா. அங்க யாருக்கும் நிஜப் பேர் கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான்: யாரு, எங்க இருக்கன்னு கேக்கக் கூடாது. கேட்டா வெளிய தள்ளிடுவாங்க. கோந்துன்னு ஒருத்தர் அங்கயே ஒட்டிக்கிட்டு கிடப்பாரு. அவர் இருப்பாருன்னு போனேன்.

"கதவு திறந்து வச்சும் யாரும் உள்ள வர முடியல. நேரம் தானா பின்னாடி போகுது. என்ன பண்ண?"

கோந்து எழுதினாரு, "மெஷினுக்கு வயசாயிடுச்சு தங்கச்சி. பழைய ஞாபகத்துலயே இருக்கு."

அதுக்குக் கீழ இன்னொண்ணு வந்துச்சு. கீழ்வீட்டுக்காரன்னு பேரு. நான் பாத்ததே இல்ல.

"எனக்கும் கதவு திறக்கல."

"எந்தக் கதவு? நம்பர் சொல்லுங்க."

"ஒரே கதவுதான் இருக்கு."

"வெளிய இருந்து உள்ள வர முடியலையா? உள்ள இருந்து வெளிய போக முடியலையா?"

"வெளிய போக முடியல."

ஏதோ புது ஆளு போலன்னு நினைச்சேன். எனக்கு இருக்கற எரிச்சல்ல இதுக்கு வேற பாடம் எடுக்கணுமான்னு இருந்துச்சு. இருந்தாலும் எழுதினேன். "ஃபயர்வால் அடைச்சிருக்கும். நிறுத்திட்டு பாருங்க."

"பெரியவர் அடைச்சுட்டாரு."

எல்லா ஆபீஸ்லயும் ஒரு பெரியவர் இருப்பாரு போல. சிரிச்சேன். நிஜமாவே சிரிச்சேன்.

"மூச்சு முட்டுது."

கூட்டம் தாங்காம சர்வர் திணறினா அத எங்க ஆளுங்க மூச்சு முட்டுதுன்னுதான் சொல்லுவாங்க. "உள்ள எத்தன பேர் இருக்காங்க? கொஞ்சம் குறைச்சு விடுங்க."

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அப்பதான் கவனிச்சேன். ஒவ்வொரு வரி பக்கத்துலயும் நேரம் விழும். என் வரிக்கு ரெண்டு முப்பத்தஞ்சு, ரெண்டு முப்பத்தாறு. அவரு எழுதினது எல்லாத்துக்கும்…

நாலு பத்து.

காதுல ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்… ரொம்ப மெல்லிசா. காத்து போற மாதிரி. ரேக்குக்கு பின்னாடி பாத்தேன். மேசைக்கு அடியில பாத்தேன். சிலிண்டர் பக்கத்துல போனா சத்தம் நின்னுடுது. தள்ளி வந்தா கேக்குது.

தல லேசா சுத்துச்சு. வெளிய போய் காத்து வாங்கிட்டு வரலாம்னு எழுந்தேன்.

கதவு திறக்கல.

கைப்பிடிய அமுக்கினேன். இழுத்தேன். தோளக் குடுத்து தள்ளினேன். அசையல. வெளியில யாரோ முதுக சாச்சு நிக்கிற மாதிரி இருந்துச்சு.

லேப்டாப்ல இருந்து பெரியவருக்கு மெசேஜ் போட்டேன். "சார், கதவு திறக்க மாட்டேங்குது."

உடனே பதில். "அத சரி பண்ணத்தான உனக்கு சம்பளம்?"

சர்வரோட கதவுன்னு நினைச்சுட்டாரு. "சார், ரூம் கதவு சார்!" பதில் இல்ல.

ஓடிப் போய் தட்டினேன். கத்தினேன். கெட்ட வார்த்த எல்லாம் சொன்னேன், அம்மா மன்னிச்சுக்கோங்க. உள்ளங்கை செவந்து போச்சு. மேல செக்யூரிட்டிக்காரர் மட்டும்தான், அவருக்கு எங்க கேக்கப் போகுது.

திரும்பி வந்து திரைய பாத்தேன்.

கீழ்வீட்டுக்காரன் எழுதியிருந்தாரு.

"தட்டுறது நீங்களா?"

…

நான் கதவத் தட்டினத நான் யார்கிட்டயும் சொல்லல.

ஸ்ஸ்ஸ்…

"தட்டாதீங்க. மூச்சு சீக்கிரம் தீரும்."

எனக்கு பயத்த விட கோவம்தான் வந்துச்சு. யாருடா நீ. என்ன பண்ணனும்ங்கற. சட்டமாவது, மண்ணாவது. எழுதினேன்.

"நீங்க யாரு? எங்க இருக்கீங்க?"

ஸ்ஸ்ஸ்…

சத்தம் மட்டும்.

அப்புறம் ஒரு வரி.

"இத இப்பதான் ஒருத்தர் கேக்கறீங்க."

ஸ்ஸ்ஸ் நின்னுச்சு.

க்ளக்.

பின்னாடி கதவு… தானா… ஒரு சாண் திறந்துச்சு.

லேப்டாப்ப விட்டேன். பைய விட்டேன். ஒரு செருப்பையும் விட்டேன். ஓடினேன்.

மாமா வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசாம படுத்தேன். மாமா பொண்ணு, அக்கா, கதவ சாத்த வந்துச்சு, சாத்தாதன்னு கத்தினேன். அக்கா, உன்மேல கோவம் இல்ல. நேத்து காலையில போன்லயே அந்த அரட்டைக்குள்ள போனேன். கோந்துகிட்ட கேட்டேன், கீழ்வீட்டுக்காரன் யாரு?

"அவனா! போன வருஷம் ஒருநாள் வந்தான். கதவு திறக்கல, மூச்சு முட்டுதுன்னு அன்னிக்கு சாயங்காலம் பூரா ஒரே பொலம்பல். ஆளாளுக்கு ஃபயர்வால நிறுத்து, கூட்டத்த குறைன்னு சொன்னோம். கதவ கழட்டி தலைக்கு வச்சு தூங்குடான்னு ஒருத்தன் ஓட்டினான். அப்புறம் ஆளக் காணோம்."

"நேத்து வந்தாரே. என்கிட்ட பேசினாரே."

அதுக்கு எழுதினாரு. "தங்கச்சி… நேத்து நான் ஒரு வரி எழுதினதுக்கு அப்புறம் அங்க நீ மட்டும்தான் எழுதிக்கிட்டு இருந்த. கேள்வியே இல்லாம பதில் சொல்லிக்கிட்டு இருந்த. உடம்புக்கு ஏதோ முடியல போலன்னு நாங்க விட்டுட்டோம்."

ஆபீசுக்கு போனேன். உள்ள போகல. கேட்டுலயே நின்னு செக்யூரிட்டிக்காரர புடிச்சேன். அவரு மென்னு முழுங்கினாரு. விடல நான். எனக்கு முன்னாடி அந்த வேலையில ஒருத்தர் இருந்தாருல்ல, சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்னு பெரியவர் சொல்லுவாரே, அவரு எங்கன்னு கேட்டேன்.

"எங்க ஓடறதும்மா," அப்படின்னாரு.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமையாம், சாயங்காலம் நாலு மணி சுமாராம். சர்வர் நின்னு போச்சாம். உள்ள இருந்து கதவத் திறக்கற அவரோட கார்டு வேல செய்யாதபடி பெரியவர் பண்ணி வச்சிருக்காரு. சரி பண்ணிட்டு சொல்லு, திறந்து விடறேன்னு. என்னை மாதிரியே அவருக்கும் விசா பேப்பர் பெரியவர் கையிலதான். எதுத்துப் பேசல. பெரியவர் மறந்துட்டு வீட்டுக்கு போயிட்டாரு. சனி, ஞாயிறு லீவு. சிலிண்டர்ல கசிவு இருந்திருக்கு… திங்கக்கிழமை கதவ ஒடைச்சுத்தான் எடுத்திருக்காங்க. மாரடைப்புன்னு முடிச்சுட்டாங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. "அப்படி ஒரு ஆள கொன்னுட்டு, அதே பூட்டப் போட்டு என்னையும் உள்ள வச்சாரே! ஞாயித்துக்கிழமை எனக்கும் பூட்டிக்கிச்சு அண்ணே. மூச்சே நின்னுருக்கும்."

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு.

"எந்தப் பூட்டு? அந்தக் கதவுல பூட்டே கிடையாதும்மா. ஒடைச்ச அன்னிக்கே கழட்டியாச்சு. சும்மா தள்ளினா திறக்கும். சின்னப் புள்ள ஊதினா திறக்கும்."

கேட்டப் புடிச்சுக்கிட்டேன். அவரு என்னைய சமாதானப்படுத்தறதா நினைச்சுக்கிட்டு சொன்னாரு.

"வேணும்னா வீட்ல கேட்டுப் பாரும்மா. பெரியவர் கூப்பிட்டு கடப்பாறையோட வந்து கதவ ஒடைச்சது, பூட்ட கழட்டினது, உள்ள போய் ஆளத் தூக்கிட்டு வந்தது… எல்லாம் உங்க மாமாதான். அடுத்த மாசமே உன்ன கொண்டாந்து விட்டாரு. உன்கிட்ட சொல்லியிருப்பாருன்னுல்ல நான் நினைச்சேன்."

மாமா.

இந்த குரூப்ல நீங்களும் இருக்கீங்க. படிச்சிட்டீங்கன்னு தெரியுது, நீல டிக் விழுந்துடுச்சு. நான் உங்கள இனிமே எதுவும் கேக்கல.

அண்ணா, பாஸ்போர்ட்ட குடுக்காத.