வினாடி வினாவில் ஒரு முழுப்பேர்

அந்த வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கிய காலத்தில் அதைப் பார்க்கச் சகிக்காது. பின்னால் ஒரு நீலத் திரைச்சீலை, முன்னால் இரண்டு மேசை, மேசைக்கு மூன்று பிள்ளைகள். நடத்துகிறவர் அப்போது ஒல்லிப்பிச்சான். கேள்வியை மரண அறிவித்தல் மாதிரி வாசிப்பார். புள்ளிகளை ஒரு பெண் கரும்பலகையில் எழுதுவாள். கூட்டல் தப்பி அழித்து எழுதுவதையும் காட்டுவார்கள். அப்படியும் அந்த நேரத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருத்தரும் அடுப்படியில் இருக்க மாட்டார்கள்.

பிறகு நிகழ்ச்சி வளர்ந்தது. கரும்பலகை போய் மின்னும் திரை வந்தது, மணி போய்ப் பொத்தான் வந்தது. நடுவில் கொஞ்ச காலம் புத்தி கெட்டுப்போய் சினிமாக் கேள்வியாகவே கேட்டார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கொரோனாவில் எல்லாம் நின்றபோது பிள்ளைகளை வீட்டிலிருந்தே கைபேசியில் சேர்த்துக்கொண்டார்கள். மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை ஒன்று சிக்னல் தேடித் தேயிலைக்குள் ஏறி நின்று, பனிமூட்டத்தில் முகம் தெரியாமல் பதில் சொன்னது. படம் நின்று நின்று வந்தபோதெல்லாம் நடத்துகிறவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அன்றைக்கு அந்த மனுசன் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது இரண்டு அணிக்கும் தெரியாத கேள்வி, தொலைபேசியில் காத்திருக்கும் நேயருக்குப் போகும். என் அக்காவுக்கு இதுதான் உயிர். ஒன்பதாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவள் அவள். டீவியில் பிள்ளைகள் யோசிக்கும் முன்னே விடையைச் சொல்லிவிடுவாள். பாதி சரியாக இருக்கும். ஒரே ஒரு தடவை நடத்துகிறவர் தன்னிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. தலவாக்கலையில் போனுக்குக் காசு போடும் ரீலோட் கடையில் வேலை செய்கிற நான்தான் வாராவாரம் எண்ணை அழுத்திக் கொடுப்பேன்.

ஒரு வாரம் லைன் கிடைத்தே விட்டது. அவர் வணக்கம் சொல்லி, முழுப் பேரைச் சொல்லுங்கள் என்றார். நாளெல்லாம் மழையில் நனைந்து வந்திருந்த அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முழுப்பேரு இல்லைங்க சார். மழைனால இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க."

எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் அரை நாளாகத்தான் பதிவார்கள், அதுதான் அரைப்பேர். அரங்கத்துப் பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியும்? ஒன்று சிரிக்க, எல்லாம் சேர்ந்து சிரித்தன. அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்திலேயே, அவளுக்கு 'முழுப்பேரு' என்று பட்டம் வைத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் டீவி வயரைப் பிடுங்கிப் போட்டாள். இனி அந்த நிகழ்ச்சியின் பேச்சே எடுக்கக் கூடாது என்றாள். எனக்கோ நடத்துகிறவர் மேல்தான் ஆத்திரம். சிரித்த பிள்ளைகளை ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம்தானே?

அடுத்த வாரம் நிகழ்ச்சி அன்று மத்தியானம் டீவி நிலையத்திலிருந்து அழைத்து, ஏழு மணிக்குப் போனைப் பக்கத்தில் வைத்திருக்கச் சொன்னார்கள். அக்கா முடியவே முடியாது என்றாள். நான் போய் வயரை மாட்டினேன்.

அன்றைய கடைசிக் கேள்வி, மலையகத் தோட்டங்களில் அரைப்பேர் என்றால் என்ன என்பது. ஓர் அணி செல்லப்பெயர் என்றது. மற்றது, தகப்பன் பெயரை விட்டுவிட்டு எழுதுவது என்றது. அக்காவின் போன் அடித்தது. நான் எடுத்து அவள் காதில் வைத்தேன். உங்கள் ஊர்ப் பேச்சு தெரியாமல் கேட்டது என் தவறு என்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அவர் கேள்விக்கு வந்தார். அக்கா விடை சொன்னாள். ஒரே கைதட்டல். பரிசு ரைஸ் குக்கர் என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா விடவில்லை.

"இது எனக்காகவே கேட்ட கேள்விங்க சார். எங்க வீட்டுச் சங்கதிய நான் சொல்லாம யாரு சொல்லுவா? அத விட்டுருங்க. புள்ளைகளுக்குக் கேக்குற மாதிரி ஒண்ணு கேளுங்க."

நான் அவள் கையைக் கிள்ளினேன். அவர் கையிலிருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கேள்வி அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் எது என்று கேட்டார். திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

வெள்ளி என்றாள் அக்கா.

"பிழை. சரியான விடை புதன்" என்றார். அங்கே வந்து உட்காரும் எந்தப் பிள்ளைக்கும் சொல்கிற மாதிரியேதான் சொன்னார். பரவாயில்லை, நல்ல முயற்சி என்றெல்லாம் ஒன்றும் சேர்க்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

ரைஸ் குக்கர் போச்சே என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னையும் பிழைன்னு சொல்லிட்டாரு, புள்ள" என்றாள்.