திரும்பி வந்த ஆகாயக்கப்பல்

இத்தாலியில், பலெர்மோ அலுவலகத்தில் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது பக்கத்தில் இருந்தவர் அவர். நரைத்த மீசை, கிறீச்சிடும் புதுச் சப்பாத்து. அடிக்கடி எழுந்து வெளியே போய், கட்டடத்துக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்.

“காத்தைப் பாத்து என்ன செய்யப் போறியள் அண்ணை?” என்று தயங்கிக் கேட்டேன்.

“நான் வீட்டிலை பராமரிக்கிற கிழவர், சினியோர், பழக்கின பழக்கம், தங்கச்சி. அவருக்குப் பிரான்சின்ரை பழைய பலூன் கதையள்தான் உயிர். முதல்லை ஆடு, வாத்து, சேவலை ஏத்திப் பாத்தவங்களாம். பிறகு மனிசர் ஏறிச்சினம். ஆனா காத்து விட்ட இடத்திலைதான் இறங்கலாம். நூறு வருசம் போய்த்தான், மோட்டார் பூட்டின ஆகாயக்கப்பல் ஒண்டு வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பினது.”

“திரும்பினது அவ்வளவு பெரிசோ?”

“வேறை என்ன? அடுத்த கிழமை மன்னாரிலை மகளுக்குக் கலியாணம். பெர்மெசோ இல்லாமல் போனால் நான் இஞ்சை திரும்பேலுமோ?”

மறுபடி கொடி பார்க்கப் போனார். அப்போதுதான் அவருடைய வரிசை இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், “அண்ணை, ஓடியாங்கோ!” என்று கத்தினேன். சப்பாத்து கிறீச்சிட ஓடி உள்ளே போனார்.

என் அலுவல் முடிந்து வந்தபோது அவர் இல்லை. கிடைத்ததா, தெரியாது. அந்தப் பக்கம் போனால் நானும் இப்போது கொடியைப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் பறந்தால் நல்லது என்று அன்று கேட்காமல் விட்டுவிட்டேன்.