எருமைக்கு முகம் செய்த பிலோமினா அக்கா

கூடலூரில் ஒரு காதுகுத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் கம்பி. கீழுதடு பிதுங்கிவிட்டது, அழுகை இன்னும் வெளியே வரவில்லை. அந்த நொடிக்காகக் கேமராவை நெருக்கிப் பிடித்திருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. குழந்தை அழுது முடிக்கும்வரை நான் எடுக்கவில்லை. பந்தலுக்கு வெளியே வந்து திரும்பக் கூப்பிட்டேன். ராயப்பன்பட்டியிலிருந்து அருள், பிலோமினா அக்காவின் தம்பி. "அக்கா போயிட்டாகண்ணே. நாளைக்குக் காலப் பூசை முடிஞ்சு அடக்கம். ஸ்டுடியோவுல எல்லாத்துக்கும் சொல்லிருங்க" என்றான். சரி என்றேன். பந்திக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், "யாரு தம்பி, சொந்தமா?" என்று கேட்டார். "கூட வேல பாத்தவுக. ரொம்பக் கொடும பிடிச்சவுக" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். அக்காவை அறிந்தவர்கள் என்னிடம் அதை எதிர்பார்க்க மாட்டார்கள். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன்.

கம்பத்தில் ஒரு உரக்கடையின் மாடியில் எங்கள் ஸ்டுடியோ. விலங்குகளை எண்ணெய் கலந்த, காயாத களிமண்ணில் செய்து, இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் பிடிப்போம். சேர்த்து ஓட்டினால் அவை நடக்கும், சிரிக்கும், சண்டை போடும். குழந்தைகள் சோறு தின்னும்போது செல்போனில் பார்க்கிற கதைகள். எங்கள் கதாநாயகன் மொக்கையன் என்கிற எருமைக் கன்று. அவனைச் செய்தவர் அக்கா. கேமரா என்னுடையது.

அதற்கு முன்பு அவர் மாதா கோவில்களுக்குக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்துகொண்டிருந்தார். ஒரு வருடம் அவர் செய்த ஆட்டைப் பார்த்துப் பங்குச்சாமி, "எல்லாம் பயபக்தியா இருக்கு, இந்த ஆடு மட்டும் ஏம்மா மொறைக்குது?" என்று கேட்டாராம். "அது படுத்திருக்க கொட்டத்துல திடுதிப்புன்னு இம்புட்டுப் பேரு வந்து நின்னா, மொறைக்காம என்ன சாமி செய்யும்?" என்று அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறார். ஆட்டை மாற்றவுமில்லை. வந்த கூட்டம் குழந்தையேசுவை விட்டுவிட்டு ஆட்டைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் எங்கள் முதலாளியும் ஒருவர். பொங்கலுக்குள் அக்காவை எங்கள் மாடிக்குக் கூட்டிவந்துவிட்டார்.

முதலாளி கேட்டது முயல். முயலுக்கும் அணிலுக்கும் யார் வேண்டுமானாலும் முகம் வைக்கலாம் என்று அக்கா சொல்லிவிட்டார். "எருமைக்கு மொகமே கெடையாதுங்கிறாக. அதுக்கு வச்சுக் காட்டுறேன்" என்று அவராகவே ஆரம்பித்தார். எருமைக்குக் கண்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கிடக்கின்றன, புருவம் இல்லை, மூக்கு ஒரு திண்டு. அக்கா கம்பி வைத்துக் காதுகளைச் செய்து, அவற்றைப் புருவமாக ஆக்கினார். இமைகளைத் தனியாக, வெற்றிலைக் கிள்ளல் அளவுக்குச் செய்து ஒட்டினார். ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு தலை. சித்திரை வெயிலில் களிமண் இளகிவிடும் என்று அந்தத் தலைகளெல்லாம் ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். கதவைத் திறந்தால் கோபமும் வெட்கமும் பயமும் வரிசையாக நம்மைப் பார்க்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தண்ணீர் குடிக்காமலே மூடிவிடுவார்கள்.

இந்த வேலை செய்கிறவர்கள் பொதுவாக முன்னால் கண்ணாடி வைத்துக்கொண்டு, தங்கள் முகத்தைக் கோணலாக்கி, அதைப் பார்த்துச் செய்வார்கள். அக்காவின் மேசையில் கண்ணாடி கிடையாது. "அதப் பாத்துச் செஞ்சா எல்லா மிருகமும் எம் மூஞ்சியாத்தேன் வரும்" என்பார். அவர் எங்கள் முகங்களைப் பார்த்துச் செய்தார். சும்மா இருக்கிற முகம் அவருக்கு உதவாது. எந்தத் தலை தேவையோ, அதற்கேற்ற வார்த்தையைச் சொல்லி அந்த முகத்தை எங்களிடமிருந்து வரவழைப்பார். வார்த்தை சுடுமா என்று பார்க்கமாட்டார். சுடத்தான் சொல்வார்.

பின்னணி ஓவியம் வரைந்த ஜெயந்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட சமயம். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா நிதானமாகக் கேட்டார். "மாப்ள வீட்டுக்காரக வேணாம்னுட்டாகளாமே. ஒம் பல்லப் பாத்துட்டுத்தேன் எந்திரிச்சுப் போனாகளாம்ல?" ஜெயந்தியின் மேலுதடு மெதுவாக இறங்கிப் பற்களை மூடியது. கண் தரைக்குப் போகாமல் கையிலிருந்த டம்ளரில் நின்றது. அக்கா அதற்குள் திரும்பி, மொக்கையனின் மேலுதட்டைக் கட்டை விரலால் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க ஜெயந்தி வேலைக்கு வரவில்லை. வந்ததும் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தாள். "நான் இப்படியாக்கா இருந்தேன்?" என்றாள். "இதவிட மோசமா இருந்த. புள்ளைக பாக்குறதுன்னு கொஞ்சம் கொறச்சிருக்கேன்" என்றார் அக்கா.

மொக்கையனின் கோபம் முதலாளியுடையது. அவருடைய மகன் சொத்தைப் பிரிக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதை அக்கா எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசித்த அன்று கிடைத்தது. பயம், எங்கள் லைட்மேனுடையது. சென்ற வாரம் ராயப்பன்பட்டிக் கல்லறையில் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். குழியில் மண் அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்ததுபோலிருந்தது. நாங்கள் யாரும் அழவில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். படப்பிடிப்பு நடக்கும்போது போன்களை வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. மேசை லேசாக அதிர்ந்தாலும் அன்றைய வேலை பாழ். அப்போது என் அம்மா தேனியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாசல் பக்கம் போன அக்கா, என் போன் அடித்ததைப் பார்த்து எடுத்துப் பேசியிருக்கிறார். உள்ளே வந்தார். என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் மொக்கையனின் தலை, இமை ஒட்டாமல். என்னை நேராகப் பார்த்து, "ஏலே, ஒங்கம்மா செத்துப்போச்சு" என்றார்.

என் முகம் என்ன ஆனதோ தெரியாது. அவருடைய கட்டை விரல் மடியில் நகர்ந்தது மட்டும் தெரியும். அதை என் கண்ணால் பார்த்தேன். இமையை அழுத்தி, காதை மடக்கி, வாயோரத்தைத் துளி இழுத்து, ஒரு தடவை என்னைச் சரிபார்த்து, மறுபடி அழுத்தினார். அதன் பிறகுதான், "கீழ ஜீப்பு சொல்லியிருக்கேன், நிக்குது. போ" என்றார்.

காரியம் முடிந்து நான் திரும்பியபோது கதை தயாராக இருந்தது. மொக்கையனின் தாயைச் சந்தையில் விற்று, லாரியில் ஏற்றி, குமுளி வழியாகக் கேரளாவுக்குக் கொண்டுபோகிறார்கள். மொக்கையன் ரோட்டோரம் நிற்கிறான். நாள் முழுக்க அந்தத் தலையை நான்தான் படம் பிடித்தேன். ஊசியால் கண்மணியை ஒரு இழை நகர்த்துவார் அக்கா. நான் ஒரு படம் எடுப்பேன். மறுபடி ஒரு இழை. மறுபடி ஒரு படம். என் அம்மா செத்த செய்தியை நான் கேட்கிற முகத்தை நானே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். எங்கள் கதைகளில் இன்றைக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி அழுவது அந்தக் கதைக்குத்தான்.

படம் பிடித்த அன்று சாயங்காலம் அவரிடம் சண்டைக்குப் போனேன். இரக்கம் என்று ஒன்று உங்களுக்கு உண்டா என்று கேட்டேன். "சாவு சொல்றவுக எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தேன் சொல்லுவாக. நான் ஒன்னப் பாத்துல்ல சொன்னேன்" என்றார். பெரிய உபகாரம் செய்ததைப்போல. அவர் முகத்தில் அப்போதும் ஒன்றும் இல்லை. எங்கள் எல்லோர் முகத்தையும் பறித்துக்கொண்டவரின் முகம் மட்டும் கழுவிக் கவிழ்த்த சட்டியாக இருந்தது. அந்த முகம் ஒரு தடவை உடைந்து நான் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அதன் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த அத்தனை காலமும் நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய். மதுரைக்குக் கொண்டுபோய் மருந்து ஏற்றி, இனிமேல் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது அருள் வாசலிலேயே நிறுத்தினான். "அக்காகிட்ட சும்மா கட்டின்னு மட்டுந்தேன் சொல்லிருக்கோம்ண்ணே. நீங்களும் சிரிச்ச மொகமா பாத்துட்டு வாங்க." தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். வற்றிப்போயிருந்தார். "வாராக, பல்லக் காட்டுறாக, போறாக. ஒருத்தர் மூஞ்சியும் வெளங்கல. ஏலே, நீ சொல்லு. எனக்கு என்ன?" என்றார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் என் எதிரே உட்கார்ந்ததைப் போலவே. மனதுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன். "புத்துநோய்க்கா. மருந்து இனிக் கேக்காதாம். கொஞ்ச நாள்தேன்" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஒன்றும் உடையவில்லை. அவருடைய கண்கள் என் நெற்றியில் தொடங்கி, மெதுவாக இறங்கி, வாயோரம் வரை வந்து, மறுபடி மேலே போய் ஓரிடத்தில் நின்றன. வேலை நேரத்துப் பார்வை அது.

"கீழ் இமை" என்றார். "அன்னைக்கு அதக் கவனிக்காம விட்டுட்டேன். துடிக்குது பாரு. அந்த அலமாரியில களிமண்ணு இருக்கு, எடு."

எடுத்துக் கொடுத்தேன். மதுரையில் ஏற்றிய மருந்தில் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. மூக்கும் கண்குழியும் எப்படியோ வந்தன. இமையை வைக்கும்போது கட்டை விரல் எவ்வளவு ஆழம் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணையே துளைத்துக்கொண்டு போய்விட்டது. வழித்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் துளைத்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகப் பிசைந்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"பழி வாங்கத்தான வந்த?" என்றார். நான் உருண்டையைக் கைமாற்றிக்கொண்டேன். "ஒம் மூஞ்சி அப்பிடிச் சொல்லலியேலே" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, தம்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, இனிமே சிரிக்காம வா. இவன் சொல்லிட்டான்."

அக்காவின் மேசையை ஜெயந்தி எடுத்துக்கொண்டாள். தலைகள் ஸ்டுடியோவுடையவை. என் பங்குக்கு மிஞ்சியது, அன்று அந்தக் கட்டிலுக்கு எதிரே என்னிடம் இருந்த முகம் ஒன்றுதான். அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர் ஒருவர்தான், அவரை ராயப்பன்பட்டியில் புதைத்துவிட்டு வந்தோம்.