கடல் இல்லாத ஊர் தேடி

சுனாமி வந்து ஒன்றரை வருடம் ஆகியும் எனக்குப் பயம் தெளியவில்லை. தேவனாம்பட்டினத்தில் அலைச் சத்தம் கொஞ்சம் கூடினால் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். குறைந்தால் அதற்கும் பயம். படகில் ஏறுவதையே விட்டிருந்தேன். பிள்ளைகளோடு உள்நாட்டுக்குப் போய்விடலாம் என்றால், மீன் விற்றே வளர்ந்த என் மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. “எடத்த வந்து பாரு, அப்புறம் சொல்லு” என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

அவள் தம்பி பெரம்பலூர் பக்கம் லாரி ஓட்டினான். எங்களுக்கு ஒரு வாடகை வீடும், சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற இடத்தில் எனக்கு வேலையும் பார்த்து வைத்திருந்தான். பஸ் விருத்தாசலத்தைத் தாண்டியதும் எனக்கு நெஞ்சு லேசானது. இறங்கியபின், வீட்டுக்குக் குறுக்குவழி என்று ஒரு பொட்டல் வழியாக எங்களை நடத்தினான் மச்சான்.

அப்படியொரு நிலத்தை நான் கண்டதில்லை. மண் காவியும் சாம்பலுமாக மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. மழை அறுத்த பள்ளங்கள், அங்கங்கே முள்செடி. கண்ணுக்கு எட்டியவரை ஒரு கூரை இல்லை.

“இங்கேர்ந்து கடல் எம்மாந் தூரம்டா மச்சான்?”

“அலை இங்க வரணும்னா விருத்தாசலத்துல பஸ் மாறித்தான் மாமா வரணும்.”

காலில் குத்திய முள்ளை எடுக்க உட்கார்ந்த என் மனைவி, மண்ணிலிருந்து எதையோ பெயர்த்தாள். “மாமா, இது இன்னான்னு பாரு.”

வாங்கிப் பார்த்தேன். சிப்பி. கல்லாகிப் போயிருந்தது, ஆனால் சிப்பியேதான், வரி கூட அழியவில்லை. குனிந்தால் காலைச் சுற்றிலும் அதுதான்.

“அது இங்க எங்க பாத்தாலும் கெடக்கும்” என்றான் மச்சான். “காலேஜ் பசங்க வந்து பொறுக்கிட்டுப் போவாங்க. மனுசனே இல்லாத காலத்துல இதெல்லாம் கடலாம்.”

“அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடா?”

“சொன்னா நீ வருவியா மாமா?”

என் மனைவி சிரித்த சிரிப்பு அந்தப் பொட்டல் முழுக்கக் கேட்டது. “கடலுக்குப் பயந்து நடுக்கடலுக்கே கூட்டியாந்துட்டியே!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தடவை வந்தது மறுபடி வராதா என்று கிழக்கே பார்த்தேன். வெயிலும் மண்ணும்தான் தெரிந்தன. எத்தனை தலைமுறை காத்திருந்தால் இந்த இடத்தில் கடலைப் பார்க்க முடியும்? இதற்குமா பயப்படுவது? அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இங்க குடிவந்தாலும் நீ கவலப்படத்தான் போற மாமா. அத்த நம்ம ஊட்லியே பட்டுக்கலாம். அங்க மீனாவது கெடைக்கும்.”

மச்சானிடம் வீடு வேண்டாம் என்றேன். “பகல் சோத்துக்காவது வருவீங்களா, அதுவும் வேணாமா?” என்று கோபித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் படகில் ஏறினேன். முகத்துவாரம் தாண்டுகிறவரை படகு விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வலையை இறக்க ஆரம்பித்ததும் கைக்கு வேலை வந்துவிட்டது.