விரல்கள் விரிந்த நாள்

ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லித்தான் இதைத் தொடங்குகிறேன். ஆனால் கோபத்தோடு எழுதுகிறேன், மறைக்கப் போவதில்லை. நம் சபைப் பத்திரிகைக்குச் சாட்சி கேட்ட பாஸ்டர், "மாத்திர விஷயத்த மட்டும் உட்டுடும்மா மேரி. கர்த்தர் சுகமாக்கினாருன்னு எழுதினா போதும்" என்றார். விடமாட்டேன். ஆண்டவர் செய்ததில் பாதியை மறைத்துவிட்டு அவருக்கு எப்படி நன்றி சொல்வது?

நான் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். போன கோடையில் என்னோடு உப்பு சுமந்துகொண்டிருந்த என் நாத்தனார் எஸ்தர், கூடையோடு வரப்பில் சரிந்தாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வேலைக்குப் போனேன். கூடையைத் தலையில் ஏற்றியதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு முட்டியது. இதோ நானும் செத்தேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. மறுநாளும் வந்தது. பிறகு பஸ்ஸில் வந்தது, சந்தையில் வந்தது. வரும்போதெல்லாம் கை மரத்துப்போகும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கிக்கொள்ளும். நான் வேலைக்கு டிமிக்கி கொடுப்பதாக மேஸ்திரி சொன்னார்.

ஒரு ஞாயிறு ஆராதனையிலும் வந்தது. ஜெபக்குழு நடத்தும் ரூத் அக்கா என் விரல்களைப் பார்த்துவிட்டார். "பாருங்க, கைய எப்படி முறுக்குது! செத்தவ ஆவி எறங்கியிருக்குது!" என்று கத்தினார். என்னைப் பிடித்து உட்கார வைத்து, காதருகில் "வெளியே போ, வெளியே போ" என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். அவர்கள் கத்தக் கத்த எனக்கு மூச்சு இரைத்தது. மூச்சு இரைக்க இரைக்க விரல்கள் இன்னும் முறுக்கின. அதைப் பார்த்து அவர்கள் இன்னும் கத்தினார்கள். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் என்று என்னைப் பட்டினி போட்டார்கள். எஸ்தர் இதே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள். அவளையா பிசாசு என்றீர்கள்?

நான் வெளியே போவதையே நிறுத்தினேன். சபைக்கும் வரவில்லை. ஒரு மத்தியானம் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆண்டவரிடமே சண்டை போட்டேன். "உமக்குக் காது கேட்கிறதா இல்லையா? பிசாசு இருந்தால் விரட்டும். இல்லை என்றால் இது என்னவென்று சொல்ல ஒரு ஆளை அனுப்பும்" என்று கத்தினேன். ஆமென் கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் வந்தது. என் வீட்டுக்காரர் செல்வம் என்னை வண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே கலா என்ற நர்ஸ் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "மொதல்ல நெஞ்சு நல்லா இருக்குதான்னு பாத்துடலாம்க்கா" என்று பிரஷர் பார்த்தார், ஈசிஜி எடுத்தார். நான் மடங்கிய விரல்களைக் காட்டி, "ஆவி புடிச்சிருக்குதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மூச்ச வேகவேகமா வாங்கினா வெரல் இப்படி இழுத்துக்கும்க்கா. என்னப் பாத்துக்கினே மெதுவா வெளிய உடுங்க" என்றார். அவரும் என்னோடு மூச்சு விட்டார். ஒவ்வொரு விரலாக விரிந்தது.

ஒரு சத்தம் இல்லை. ஒரு கூச்சல் இல்லை. விரிந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நெஞ்சில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னார். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு கலா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். "மொதல்ல எப்போ வந்துச்சு? அதுக்கு முன்னாடி என்னா நடந்துச்சு? பயந்துக்கினு எங்கெங்க போறத உட்டுட்டீங்க? தூங்குறீங்களா? செத்துடலாம்னு எப்பவாச்சும் தோணுதா?"

அதற்கு முன்னாடி என்ன நடந்தது என்று அதுவரை என்னை யாருமே கேட்கவில்லை! எஸ்தரைப் பற்றிச் சொல்லி, வாய்விட்டு அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, "இது பதட்ட நோய்க்கா. நீங்க நடிக்கல. உங்கள எதுவும் புடிக்கவும் இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்குது" என்றார்.

நான் கேட்ட ஆள் இவர்தான். ஆமென் சொல்லாத ஜெபத்துக்கும் பதில் வந்துவிட்டது.

ரத்தத்திலும் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். மாத்திரை தந்தார், பேசவும் வைத்தார். உப்பளத்துக்கு முதலில் வெறும் கூடையோடு போனேன், பிறகு அரைக்கூடை. இன்று முழுக்கூடை சுமக்கிறேன். படபடப்பு இன்னும் எப்போதாவது வரும். மூச்சை மெதுவாக விடுவேன், போய்விடும்.

"மாத்திர போட்டா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்" என்றார் ரூத் அக்கா. "அப்போ உங்க சுகர் மாத்திர மட்டும் எந்தக் கணக்குக்கா?" என்று கேட்டேன்.

போன ஞாயிறு, பின்வரிசையில் ஒருத்தி மடங்கிய விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். யாரென்று எழுதமாட்டேன். ரூத் அக்கா எழுந்து வருவதற்குள் நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி, உன்னைத்தான் சொல்கிறேன். என் ஜெபத்தைக் கேட்டவர் உன்னுடையதையும் கேட்பார், நம்பு. திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வா. வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். யாராவது நடுவில் வந்து கத்தினால், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.