கார் ஓடாதவனும் டெக்சாஸ் செத்தவீடும்

நான் கார் ஓடப் பழகவில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஜெர்மனியில் கோப்பை கழுவி, பாரிஸில் சமையல் பழகி, லண்டனில் இரண்டு கடை போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தது முழுக்க பஸ்ஸிலும் ரயிலிலும் திரிந்துதான். சவுத்தாலில் வாங்கிய கறிவேப்பிலை மூட்டையைத் தோளில் வைத்து, ரயில் மாறி மாறி, பிளேஸ்டோவில் இருந்த என் கடைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். வாசத்துக்குப் பெட்டியில் இருக்கிற சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும்.

மனைவி காலமான பிறகு பிள்ளைகள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். லண்டன் குட்மேய்ஸில் நான் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, டெக்சாஸில் டாக்டராக இருக்கும் மகளோடு நான் போய் இருக்க வேண்டுமாம். வீட்டை வாங்கியவன் நான், முடிவெடுத்தது அவர்கள். முதலில் மூன்று மாதம் இருந்து பாருங்கள், பிறகு விற்கலாம் என்றார்கள். பார்ப்போமே என்று விமானம் ஏறினேன்.

மகளின் வீடு அரண்மனை. ஆனால் வாசலைத் தாண்டினால் நடக்க நடைபாதை இல்லை. பால் வாங்கக் கார், கோவிலுக்குக் கார். நடைப்பயிற்சிக்குக்கூட மருமகன் காரில்தான் பூங்காவுக்குப் போவார். ஜெர்மனியில் ஒரு சின்னக் கிராமத்தின் அகதி முகாமில் இருந்தபோதும் எங்களுக்கு பஸ் இருந்தது. பாஷை தெரியாது. தூணில் ஒட்டிய தாளில் இலக்கத்தைப் பார்ப்பேன், பஸ் வந்து நிற்கும். பாரிஸில் நிறத்தைப் பார்த்தே ரயில் மாறினேன். லண்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படிக்காதவனை நம்பி ஓடுகிற வண்டிகள் அவை.

அந்த முகாமில் என்னோடு ஒரே அறையில் கிடந்த சிநேகிதன் ஒருவன், பிறகு டெக்சாஸுக்குப் போய் மகளின் நகரத்திலேயே குடியிருந்தான். நான் போன இரண்டாம் மாதம் அவன் செத்துப்போனான். செத்தவீடு காலையில். மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட், மருமகன் வெளியூரில். பின்னேரம் வீட்டுக்குப் போய் அவனுடைய மனைவியைக் கண்டு கதைக்கலாம் என்றாள் மகள். கலியாணத்துக்குப் பிந்திப் போகலாம். செத்தவீட்டுக்கு முகம் பார்க்கப் போகிறோம், பிந்தினால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அவள் வேலைக்குப் போனதும் வேட்டி கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

புல்லுக்குள்ளால் நடந்து பெரிய ரோட்டில் ஒரு பஸ் தூணைக் கண்டுபிடித்தேன். கூரையும் இல்லை, இருக்கையும் இல்லை. எங்களுக்கு ஊரிலும் லண்டனிலும் பஸ்ஸைக் கண்டால் கை நீட்டித்தான் பழக்கம். தூரத்தில் உயரமாக ஒன்று வர, நீட்டினேன். அது லொறி மாதிரி ஒரு கார். ஓட்டி வந்த வெள்ளைக்காரி நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தீர்கள் என்று அன்பாகக் கேட்டாள். வேட்டி செய்த வேலை. ‘பஸ்’ என்றேன். இரக்கப்பட்டுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தந்துவிட்டுப் போனாள்.

தண்ணீர் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் பஸ் வந்தது. என்னையும் சாரதியையும் தவிர உள்ளே இரண்டு பேர். விலாசத்தைப் பார்த்துச் சாரதி இறக்கிவிட்டபோது செத்தவீட்டு மண்டபம் எதிரே தெரிந்தது. நடுவில் ரோடு, ஆறு போல அகலம், கடக்க வழியில்லை. சிக்னல் இருக்கும் சந்திவரை நடந்து, கடந்து, மறுபக்கம் அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தேன். நான் வாசலுக்கு வரவும் பெட்டி ஏற்றிய கார் போகவும் சரியாக இருந்தது.

சிநேகிதனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அண்ணை, முகம் பாக்க உங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை.”

குடுத்துவைக்கவில்லையாம். லண்டனென்றால் நேரத்துக்குப் போய், அவனுடைய முகத்தைப் பார்த்து, ஒரு பிடி பூவும் போட்டிருப்பேன். விதியில் பழியைப் போட நான் ஆயத்தமில்லை. அந்த ரோட்டில்தான் போடுவேன்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில், எனக்கு லண்டனுக்கு டிக்கெட் போடச் சொன்னேன். மகள் கரண்டியை வைத்துவிட்டாள்.

“ஏனப்பா டாக்சி எடுக்கேல்லை? போனில ஒரு தட்டுத்தானே.”

“உன்ர அம்மாவைக் கலியாணம் முடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்ததே பஸ்ஸில. நான் ஏன் போனைத் தட்டோணும்?”

“லண்டனில தனிய இருந்து விழுந்தீங்களெண்டா ஆர் பாக்கிறது?”

“விழுந்தா பஸ்ஸுக்கை விழுவன். தூக்க நாலு பேர் நிப்பினம். இஞ்ச விழுந்தா சிவப்பு லைட் எரிஞ்சாத்தான் பிள்ளை, ஒருத்தன் நிப்பான்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரவே டிக்கெட் போட்டாள். வீடு விற்கும் கதையை அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் எடுக்கவில்லை. எடுத்தாலும் கையெழுத்து என்னுடையது.

போன கிழமை பிளேஸ்டோவில் ஒரு செத்தவீடு, என் கடையின் பழைய வாடிக்கைக்காரர். லண்டனிலேயே வேறு வீட்டில் இருக்கும் என் மகன், காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று போன் எடுத்தான். வேண்டாம் என்றேன். வயதானவர்களுக்குக் கவுன்சில் தரும் இலவச பஸ் பாஸ் சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டு பஸ் மாறிப் போய், பெட்டி வருவதற்கு முன்பே முன்வரிசையில் இருந்துவிட்டேன். முகத்தை ஆறுதலாக, அவசரமில்லாமல் பார்த்து, பூவும் போட்டேன். மகன் வந்து சேர்ந்தபோது எல்லோரும் எழும்பிவிட்டார்கள். அவ்வளவு நேரமும் கார் விட இடம் தேடியிருக்கிறான்.